கல்லூரிப் பட்டியல் போடும் முன்பே கணக்குப் போடுங்கள்: அமெரிக்காவில் நிதியுதவியும் மெரிட்டும்

ஐவி லீக் எனப்படும் அமெரிக்காவின் எட்டுப் புகழ்பெற்ற தனியார் கல்லூரிகளிலும் மெரிட் ஸ்காலர்ஷிப், அதாவது மதிப்பெண்ணுக்கும் திறமைக்கும் தரும் உதவித்தொகை, என்று ஒன்று கிடையாது. எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1580 வாங்கியிருந்தாலும் சரி, ஒலிம்பியாடில் பதக்கம் வாங்கியிருந்தாலும் சரி, அதற்காக ஹார்வர்டோ கார்னெலோ கட்டணத்தில் ஒரு டாலர்கூடக் குறைப்பதில்லை. எம்ஐடியும் அப்படித்தான். அங்கெல்லாம் கிடைப்பது குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தரும் நிதியுதவி மட்டுமே. "நல்லாப் படி, ஸ்காலர்ஷிப் தானா வரும்" என்று ஊரில் கேட்டு வளர்ந்த பெற்றோர் சறுக்குகிற முதல் இடம் இது. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனோ அவ்வளவு பெரிய கல்லூரி, அவ்வளவு பெரிய ஸ்காலர்ஷிப் என்று நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

மெரிட் பணம் யாரிடம் இருக்கிறது? வரிசையில் ஆள் நிற்காத கல்லூரிகளிடம், அல்லது இன்னும் நல்ல மாணவர்களை இழுக்கப் பார்க்கும் கல்லூரிகளிடம். தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் தள்ளுபடி, அறிவித்த கல்விக் கட்டணத்தில் சராசரியாக 56 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்கிறது கல்லூரி நிதி அலுவலர்களின் சங்கமான நாக்யூபோவின் 2024-25 கணக்கெடுப்பு. விலையை ஏற்றி எழுதிவிட்டுத் தீபாவளித் தள்ளுபடி கொடுக்கும் துணிக்கடைக் கணக்குதான் இது. ஆகவே உங்கள் பிள்ளையின் மதிப்பெண், அந்தக் கல்லூரியில் சேருபவர்களின் மேல் கால்பங்குக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மெரிட்டை எதிர்பார்க்கலாம். நடுவில் விழுந்தால் அட்மிஷன் கிடைக்கலாம், பணம் கிடைக்காது.

முதலில் உங்கள் எண்

அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சாவைப் போட்டால் எஸ்ஏஐ என்று ஓர் எண் வரும். குடும்பத்தால் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்ற மதிப்பீடு அது. 2024-25க்கு முன் இஎஃப்சி என்று இருந்தது இதுதான். மிகவும் வசதி குறைந்த குடும்பத்துக்கு இது மைனஸ் 1,500 வரை இறங்கும். கல்லூரியின் மொத்தச் செலவிலிருந்து இந்த எண்ணைக் கழித்தால் வருவதுதான் உங்கள் "தேவை". ஆகவே தேவை என்பது குடும்பத்தை மட்டும் பொறுத்ததல்ல. எஸ்ஏஐ 32,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 90,000 ஆகும் தனியார் கல்லூரியில் உங்கள் தேவை 58,000. 30,000 ஆகும் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேவை பூஜ்யம். அதே வீடு, அதே சம்பளம்.

இன்னொன்று, தேவை 58,000 என்று கணக்கு சொன்னாலும் அதை முழுசாகத் தரும் கடமை எந்தக் கல்லூரிக்கும் இல்லை. முழுத் தேவையையும் நிறைவு செய்வோம் என்று சொல்லும் கல்லூரிகள் சில டஜன்தான். மற்றவை ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை உங்கள் தலையில் விட்டுவிடும். வெளிமாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் இது இன்னும் மோசம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகங்கள் 2025-26இல் புதிதாகச் சேர்ந்த வெளிமாநில மாணவரிடம் ஆண்டுக்கு 37,000 டாலருக்கு மேல் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. அந்தக் கூடுதலை ஈடுகட்ட அவர்களுடைய நிதியுதவி வராது. பெர்க்லியில் இடம் கிடைத்த சந்தோஷம் டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் வீட்டில் ஏப்ரலில் அடங்கிப்போவது இதனால்தான்.

ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைத் தோராயமாகச் சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். 2011 அக்டோபரிலிருந்து சட்டப்படி இருந்தாக வேண்டும். பதினோராம் வகுப்பில் பிள்ளை பட்டியல் போடும்போதே, வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது கல்லூரிக்காவது போட்டுப் பாருங்கள். தோராய வருமானத்தைத் தட்டிவிட்டால் தோராயமான பதில்தான் வரும். 401கே ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகும் பிடித்தம், சேமிப்பு, பங்குகள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஐந்தாறு கேள்விதான் கேட்கிறது, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) பற்றிக் கேட்கவே இல்லை என்றால், அந்தக் கால்குலேட்டர் மெரிட்டைச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். சொந்தத் தொழில், பெற்றோர் பிரிந்து வாழ்வது, வாடகைக்கு விட்ட வீடு இவற்றில் ஏதாவது இருந்தால் கால்குலேட்டர் அடிக்கடி தப்பாகச் சொல்லும். அந்த மாதிரி நேரத்தில் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, முன்கூட்டிய மதிப்பீடு தருவார்களா என்று கேட்பதே உத்தமம். சிலர் தருவார்கள்.

"நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது" என்று கால்குலேட்டரையே தொடாத வீடுகள் நம்மவர்களில் நிறைய. இருவரும் ஐடியில் இருக்கிறார்கள், சேர்த்து 1,80,000 டாலர் வருகிறது, ஆகவே வாய்ப்பே இல்லை என்ற முடிவு. ஆனால் ஹார்வர்டும் எம்ஐடியும் 2025-26 முதல், வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பத்தின் வருமானம் 2,00,000 டாலருக்குள் இருந்தால் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. பிரின்ஸ்டனில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த எல்லை 2,50,000. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது வேறு விஷயம். கிடைத்தால் உள்ளூர் அரசுக் கல்லூரியைவிடச் செலவு குறையலாம் என்பதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்கலாம்.

ஃபாஃப்சா கேட்பதும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் கேட்பதும்

பணக்காரத் தனியார் கல்லூரிகள் பல, ஃபாஃப்சாவோடு சிஎஸ்எஸ் ப்ரொஃபைலையும் கேட்கும். கல்லூரியின் சொந்த நிதியுதவிக்கான படிவம் அது, எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு நடத்துவது. ஃபாஃப்சா நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுக்காது, ஓய்வுக்கால சேமிப்பையும் எடுக்காது. சிஎஸ்எஸ் வீட்டின் மதிப்பையும் அதில் பாக்கியுள்ள கடனையும் கேட்கும். அதை எவ்வளவு கணக்கில் சேர்ப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எம்ஐடி போன்ற சில, குடியிருக்கும் வீட்டைச் சேர்ப்பதில்லை. பே ஏரியாவில் பதினைந்து வருடத்துக்கு முன் வீடு வாங்கியவர்களுக்கு இந்த ஒரு வரி பத்தாயிரக்கணக்கில் வித்தியாசம் காட்டும்.

தமிழ்நாட்டில் இருக்கும் சொத்து? குடியிருக்கும் வீடு தவிர மற்ற எல்லா நிலமும் வீடும் இரண்டு படிவத்திலும் வரும், எந்த நாட்டில் இருந்தாலும். வேளச்சேரியில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், மதுரையில் உங்கள் பெயரில் இருக்கும் மனை, ஊர் வங்கியில் போட்ட வைப்புநிதி எல்லாம் சேர்த்தி. அப்பா பெயரிலேயே இன்னும் இருக்கும் பூர்வீக நிலம் உங்களுடையதல்ல, போட வேண்டாம். வீட்டு நகையை ஃபாஃப்சா கேட்பதில்லை.

யார் பெயரில் பணம் இருக்கிறது என்பதும் முக்கியம். ஃபாஃப்சா சூத்திரம் பெற்றோர் சேமிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தையும், மாணவர் சேமிப்பில் 20 சதவீதத்தையும் ஆண்டுதோறும் செலவுக்குக் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளும். பிள்ளை பெயரில் போட்ட 40,000 டாலர், எஸ்ஏஐயில் 8,000 ஏற்றும். அதே தொகை பெற்றோர் பெயரில் இருந்தால் ஏறுவது 2,256. பிறந்தநாள்தோறும் பிள்ளை பெயரில் சேர்த்துவைப்பது பாசமான பழக்கம்தான், இந்தக் கணக்குக்கு மட்டும் ஒத்துவராது. கல்லூரிச் செலவுக்கென்றே சேர்க்கும் 529 கணக்கு பெற்றோர் சொத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

வருமானம் இரண்டு வருடம் பின்தங்கி வரும். 2026-27 ஆண்டுக்கான ஃபாஃப்சா, 2024 வரிப் படிவத்தைப் பார்க்கும். பிள்ளை பத்தாம் வகுப்பின் பாதியில் இருக்கும்போது தொடங்கும் காலண்டர் ஆண்டுதான் முதல் கணக்கு ஆண்டு. அந்த வருடம் பங்குகளை விற்று லாபம் எடுத்தால், ஊர் மனையை விற்றால், எல்லாம் வருமானமாக ஏறும். விற்பதாக இருந்தால் அதற்கு முந்தைய டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

விசா நிலையும் இங்கே குறுக்கிடும். ஒரே வீட்டில் மூத்தவள் கோயம்புத்தூரில் பிறந்து எச்-4இல் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருப்பாள், தம்பி இங்கே பிறந்த குடிமகன். தம்பி ஃபாஃப்சா போடலாம், பெற்றோர் எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும் தடையில்லை. அக்காவால் போட முடியாது. பல தனியார் கல்லூரிகள் நிதியுதவி விஷயத்தில் அவளை வெளிநாட்டு மாணவியாகவே வைக்கும். அவளுக்கு மெரிட் தரும் கல்லூரிகளும், எச்-4க்கு உள்மாநிலக் கட்டணம் அனுமதிக்கும் மாநிலமும்தான் முதல் கதவு.

மெரிட்டில் இரண்டு ரகம்

ஒன்று, அட்டவணைப்படி தானாக வருவது. இந்த ஜிபிஏ, இந்த எஸ்ஏடி என்றால் இவ்வளவு டாலர் என்று இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். அலபாமாப் பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போனது. இந்த வகைதான் திட்டமிட ஏற்றது, ஏனென்றால் விண்ணப்பிக்கும் முன்பே தொகை தெரியும். இன்னொன்று போட்டி: வட கரோலினாவின் மோர்ஹெட்-கெய்ன், வாண்டர்பில்ட்டின் கார்னீலியஸ் வாண்டர்பில்ட், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி போன்றவை. சிலவற்றுக்குத் தனிக் கட்டுரை, நேர்காணல் உண்டு. இதை நம்பி வீட்டு பட்ஜெட் போடக் கூடாது.

மெரிட்டுக்கான கெடு சாதாரண அட்மிஷன் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும், பல இடங்களில் நவம்பர் 1 அல்லது டிசம்பர் 1. ஜனவரியில் விண்ணப்பித்துவிட்டு "இவ்வளவு மார்க்குக்கு ஏன் ஒன்றுமே தரவில்லை" என்று குழம்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

டெக்சாஸ் சட்டத்தில் ஒரு நல்ல வாசல் இருக்கிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் போட்டியின் மூலம் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் தந்தால், வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்கு உள்மாநிலக் கட்டணமே போடலாம். ஆயிரம் டாலர் கடிதம் பார்க்கச் சின்னது, அதன் பின்னால் வரும் கட்டண வித்தியாசம் பல மடங்கு. எந்த ஸ்காலர்ஷிப்புக்கு இது பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கல்லூரி மெரிட் உண்மையிலேயே தருகிறதா என்று பார்க்க, அதன் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று தேடுங்கள். கல்லூரி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. எச்2 பகுதியில், தேவையில் சராசரியாக எத்தனை சதவீதம் நிறைவு செய்கிறார்கள் என்று இருக்கும். எச்2ஏ, தேவை இல்லாதவர்களில் எத்தனை பேருக்கு மெரிட் கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று சொல்லும். எச்6 வெளிநாட்டு மாணவர்களுக்கானது. விளம்பரத்தில் "95 சதவீதம் பேருக்கு உதவி" என்று போடுவார்கள், அதில் கடனும் அடக்கம். இந்த அட்டவணையில் அந்தப் பூச்சு கிடையாது.

முதல் வருடம் ஒன்று, நான்கு வருடம் வேறு

இரண்டு கடிதங்களை எடுத்துக்கொள்வோம். ஏ தனியார் கல்லூரி: செலவு 90,000, நிதியுதவி கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத பணம்) 58,000, கட்ட வேண்டியது 32,000. பி வெளிமாநில அரசுக் கல்லூரி: செலவு 54,000, மெரிட் 22,000, கட்ட வேண்டியது அதே 32,000. கடிதத்தைப் பார்த்தால் சமம்.

மெரிட் தொகை பெரும்பாலும் நான்கு வருடமும் ஏறாது, கட்டணம் ஏறும். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாக வைத்தால், பியில் கட்டவேண்டியது 32,000, 34,160, 36,406, 38,743. மொத்தம் ஏறக்குறைய 1,41,300. ஏயில் கட்டணம் ஏறினாலும் முழுத் தேவையையும் நிறைவு செய்யும் கல்லூரி என்றால் கிராண்ட்டும் கூடவே ஏறும். வருமானம் மாறாவிட்டால் 32,000 வீதம் நான்கு வருடத்துக்கு 1,28,000. ஏ ஜெயிக்கிறது.

இப்போது வீட்டில் இருந்த அம்மா 2026 ஜனவரியில் வேலைக்குச் சேர்கிறார், சம்பளம் 60,000. வரி போக 42,000 மிஞ்சுகிறது. சூத்திரத்தின் உச்சப்படியில் அதில் 47 சதவீதத்தைக் கல்லூரி எதிர்பார்க்கும், கிட்டத்தட்ட 20,000. பிள்ளை 2026 இலையுதிர்காலத்தில் சேர்ந்திருந்தால், 2026 வருமானம் 2028-29இல்தான் தெரியவரும். ஆகவே முதல் இரண்டு வருடம் 32,000, அடுத்த இரண்டு வருடம் 52,000. மொத்தம் 1,68,000. இப்போது பி 27,000 குறைவு. (அம்மாவின் சம்பளம் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது, ஆகவே இது நஷ்டமில்லை. மூன்றாம் வருடம் திடீரென்று பில் ஏறும் என்று முன்கூட்டியே தெரியாதவர்களுக்குத்தான் இடி.)

பி கல்லூரிக்கும் ஒரு கண்ணி உண்டு, ஜிபிஏ. 3.0 முதல் 3.5 வரை ஏதோ ஒரு கோடு போட்டிருப்பார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அது அறுந்தால் கடைசி இரண்டு வருடத்துக்கு 44,000 போச்சு, மொத்தம் 1,85,000ஐத் தாண்டும். இன்ஜினியரிங்கில் முதல் வருடக் கால்குலஸும் கெமிஸ்ட்ரியும்தான் இங்கே ஆளைக் கவிழ்ப்பவை. பள்ளியில் 4.0 எடுத்தவர்கள் எல்லாம் ஒரே வகுப்பில் உட்கார்ந்து வளைகோட்டில் (ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு) மதிப்பெண் வாங்கினால் பலர் பி கிரேடுக்குக் கீழே போவார்கள். ஜார்ஜியா மாநிலம் தரும் ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப்புக்கு 3.3, ஹோப் ஸ்காலர்ஷிப்புக்கு 3.0. 30, 60, 90 கிரெடிட் மணிநேரம் முடியும்போது சோதிப்பார்கள். நல்லவேளையாக, குறிப்பிட்ட அறிவியல், கணிதப் பாடங்களில் பி, சி, டி கிரேடுகளுக்கு அரைப் புள்ளி கூட்டித் தருகிறார்கள்.

மெரிட் கடிதம் வந்ததும் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஜிபிஏ ஒவ்வொரு செமஸ்டரும் பார்ப்பீர்களா, ஆண்டு முடிவிலா? ஒருமுறை தவறினால் அவகாசம் உண்டா? குறைந்தது எத்தனை கிரெடிட்? 12 எடுத்தால் முழுநேர மாணவர் என்று சொல்லும் கல்லூரியே ஸ்காலர்ஷிப்புக்கு ஆண்டுக்கு 30 கேட்கலாம், ஒரு பாடத்தைப் பாதியில் கைவிட்டால் கதை முடிந்தது. கோ-ஆப் எனும் பயிற்சி வேலைக்காக ஒரு செமஸ்டர் வெளியே போனால் தொகை நின்று காத்திருக்குமா? மேஜரை (முதன்மைப் பாடத்தை) மாற்றினால்? எட்டு செமஸ்டருக்கு மேல் கிடையாது என்றால் ஒன்பதாவது உங்கள் செலவு.

நிதியுதவிக் கல்லூரியிடம் கேட்க வேண்டியது வேறு. இரண்டாவது பிள்ளையும் கல்லூரிக்குப் போனால் என்ன செய்வீர்கள்? ஃபாஃப்சா சூத்திரத்தில் 2024-25 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. சிஎஸ்எஸ் பார்க்கும் கல்லூரிகள் பல இன்னும் தருகின்றன. இரண்டு வருட இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, மற்ற எதையும்விட இந்தப் பதில் தராசைச் சாய்க்கும்.

கடிதத்தைப் படிக்கும் விதம்

அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, சுமார் 91 சதவீதக் கல்லூரிகள் தங்கள் கடிதத்தில் நிகரச் செலவைச் சொல்வதில்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன. ஆகவே நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். மேலே முழுச் செலவு: கல்விக் கட்டணம், மற்ற கட்டணங்கள், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், பயணம், உடல்நலக் காப்பீடு. அதிலிருந்து கிராண்டையும் ஸ்காலர்ஷிப்பையும் மட்டும் கழியுங்கள். மாணவருக்கு மத்திய அரசு தரும் டைரக்ட் லோன் உதவி அல்ல, கடன். முதல் வருடம் 5,500, நான்கு வருடத்தில் 27,000 வரை போகும். பெற்றோர் அரசிடம் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனை "உதவி" வரிசையில் போட்டு மிச்சம் பூஜ்யம் என்று காட்டும் கடிதங்களும் வரும். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அந்த பிளஸ் கடன், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று கட்டுப்படுத்தப்படுகிறது. வொர்க்-ஸ்டடி என்பது பிள்ளை வேலை பார்த்து வாங்கும் சம்பளம், ஆகஸ்டில் வரும் பில்லில் அது கழியாது.

வெளியிலிருந்து வாங்கும் ஸ்காலர்ஷிப்பிலும் ஒரு சிக்கல். ஒரு நிறுவனமோ உள்ளூர்ச் சங்கமோ 2,000 டாலர் தந்தால், நிதியுதவிக் கல்லூரி தன் கிராண்டில் 2,000 குறைத்துவிடலாம். சில கல்லூரிகள் முதலில் வொர்க்-ஸ்டடியையும் கடனையும் குறைக்கும், அது நல்லது. மேரிலாண்ட் 2017இல் அரசுக் கல்லூரிகளுக்கு இந்தக் கழிப்பைக் கட்டுப்படுத்தியது, பிறகு வேறு சில மாநிலங்களும் செய்தன. மெரிட் கல்லூரியில் பெரும்பாலும் வெளித்தொகை மேலே ஏறி உட்காரும்.

தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக இளங்கலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஃபாஃப்சா கிடையாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடோயின், பிரவுன், நாட்டர்டேம் உள்ளிட்ட வெகுசில கல்லூரிகள் மட்டும், பணம் கேட்கிறாரா என்று பார்க்காமல் வெளிநாட்டு மாணவரைத் தேர்வு செய்கின்றன. மற்ற இடங்களில் நிதியுதவி கேட்டாலே வாய்ப்பு சுருங்கும். அதற்குப் பயந்து கேட்காமல் சேர்ந்துவிட்டு இரண்டாம் வருடம் கேட்கலாம் என்றால், பல கல்லூரிகள் கதவைச் சாத்திவிடும். ஆகவே முதல் வருடச் செலவை மட்டும் காட்டி, மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தை வாங்கிவிடும் திட்டம் ஆபத்தானது. மெரிட் கடிதம் ஐ-20க்குக் காட்ட வேண்டிய தொகையையும் குறைக்கும். முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தவர்கள் கவனிக்க: தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரப்படும் பகுதி வரிக்குரியது, எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவரிடம் அதில் 14 சதவீதம் பிடிப்பார்கள். ஆண்டுக்கு 18,000 டாலர் தங்கல் செலவு என்றால் 2,520 கையிலிருந்து போகும்.

ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் ஏர்லி டிசிஷன் பற்றி ஒரு வார்த்தை. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், அதனால் இரண்டு கடிதத்தை ஒப்பிடும் வாய்ப்பே இல்லை. உதவி போதவில்லை என்றால் விலகலாம் என்று விதி உண்டு, ஆனால் டிசம்பரில் ஒற்றைக் கடிதத்தை வைத்துக்கொண்டு அதைத் தீர்மானிப்பது கஷ்டம். கால்குலேட்டர் சொல்லும் தொகை கட்டுப்படியானால் மட்டும் போடுங்கள். மெரிட்டை எதிர்பார்க்கும் வீடு இதைத் தொடாமல் இருப்பதே மேல். வருவேன் என்று உறுதி கொடுத்தவருக்குத் தள்ளுபடி தர யாருக்கும் அவசரமில்லை.

ஏப்ரலில் கடிதம் குறைவாக இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். நிதியுதவிக்கும் மெரிட்டுக்கும் வெவ்வேறு மேஜை. வேலை போனது, சம்பளம் குறைந்தது, மருத்துவச் செலவு, ஊரில் பெற்றோர் சிகிச்சைக்கு அனுப்பும் பணம் இதெல்லாம் நிதியுதவி அலுவலகத்துக்கு. ஒரு பக்கக் கடிதம், கூடவே பணிநீக்கக் கடிதம், சமீபத்திய சம்பளச் சீட்டு, மருத்துவமனை ரசீது, வங்கி அனுப்பிய ரசீது. இரண்டு வருடப் பழைய வருமானத்துக்குப் பதில் இந்த வருடத்து வருமானத்தைப் பார்க்க அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. "எங்கள் பிள்ளை ரொம்ப உழைப்பாளி" என்ற வரி அங்கே வேலைக்காகாது. அதை அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதுங்கள், இதே தரத்தில் இருக்கும் இன்னொரு கல்லூரியின் மெரிட் கடிதத்தை இணைத்து. கார்னெல் போன்ற சில, மற்ற ஐவிகளின் நிதியுதவிக் கடிதத்தைக் காட்டினால் அதற்கு ஈடுகொடுக்கப் பார்ப்போம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள், மே 1 முன்பணம் கட்ட வேண்டிய நாள். பதில் அதற்குள் வராது போலிருந்தால் கெடுவை நீட்டிக்கச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். திருத்திய தொகை கல்லூரியின் போர்ட்டலில் ஏறும்வரை, தொலைபேசியில் என்ன சொன்னாலும், இரண்டாவது கல்லூரியின் இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.